கோவிலைக் கூட்டுகிறவருக்குக் கொடுப்பது சம்பளமா, தர்மமா?

கேள்வி – பிப்ரவரி 22, 2026

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த முறை எங்கள் பங்கில் (எங்கள் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்) திருச்சபையின் சமூகப் போதனையை ஒட்டி ஏதாவது செய்யலாம் என்று பேச்சு. ஏற்கனவே ஏழைகளுக்கு மளிகைப் பை கொடுக்கிறோம், பிள்ளைகள் படிப்புக்கு உதவுகிறோம், மருத்துவ முகாம் வைக்கிறோம். இதுதானே சமூகப் போதனை? இதற்கு மேல் ஒரு பங்கால் என்ன செய்ய முடியும்? நாட்டின் பொருளாதாரம் நம் கையிலா இருக்கிறது?

பிப்ரவரி 22, இரவு

"இதுதானே சமூகப் போதனை?" என்ற வரியில்தான் நானும் பல வருடம் நின்றுகொண்டிருந்தேன். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னவை எல்லாம் இரக்கப் பணிகள். விடக் கூடாதவை. ஆனால் உழைப்பு, கூலி, நீதி பற்றித் திருச்சபை கற்பிக்கிற சமூகப் போதனை ஒரு பங்கிடம் முதலில் கேட்பது வேறு: உங்கள் பங்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர், அவர்களை எப்படி நடத்துகிறீர்கள்?

ஆறு வருடமாக எங்கள் பங்கின் நிதிக்குழுவில் இருக்கிறேன். கணக்கு நோட்டு என்னிடம்தான். கோவிலைக் கூட்டித் துடைக்கிற அக்காவின் சம்பளம் அதில் "இதர செலவுகள்" என்ற தலைப்பில் இருந்தது. மேல் வரியில் மெழுகுவத்தி, கீழ் வரியில் துடைப்பமும் பினாயிலும். நடுவில் அவர். பெயர்கூட இல்லை, "துப்புரவு" என்று ஒரு சொல். மாதம் தவறாமல் அந்த வரியை நான்தான் எழுதினேன். ஒரு தடவைகூட உறுத்தியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு முழங்கால் வலி முற்றி மூன்று வாரம் வரவில்லை. வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தோம். எப்போதும் அப்படித்தான் செய்துவந்தோம். அடுத்த மாதம் யாரோ அவர் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல, ஏழைகள் நிதியிலிருந்து உதவுவது என்று முடிவானது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, உறையைக் கொடுத்தோம். கைதட்டல், ஃபோட்டோ. உறைக்குள் இருந்தது ஏறக்குறைய நாங்கள் பிடித்த அதே தொகை. வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். சாயங்காலம் சாவி வாங்கப் போனபோது கேட்டார்: "தம்பி, இது என் சம்பளமா, தர்மமா? சம்பளம்னா எல்லார் முன்னாடியும் ஏன் கூப்பிட்டீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருச்சபை இதற்குப் பதிலை எழுதியே வைத்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீதிப்படி சேர வேண்டியதை முதலில் கொடு. கடனாகக் கொடுக்க வேண்டியதைத் தர்மமாகக் கொடுக்காதே என்பதுதான் அது. தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை (போப்) ஒருவர் எழுதிய ரேரும் நொவாரும் என்ற சுற்றுமடலில் வருகிறது என்று நினைவு.

பிப்ரவரி 23

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்தக் கருத்து ரேரும் நொவாருமில் இல்லை. உலகெங்கும் உள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட, பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகள்) திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில், 8ஆம் எண்ணில் இருக்கிறது. பொதுநிலையினருக்கான ஏட்டிலேயே இது வருவதால், ஆயர்களுக்குச் சொன்னது என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

ரேரும் நொவாரும் 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதியது. அதில் எனக்கு மிகவும் வேண்டியது கூலி ஒப்பந்தம் பற்றிய பகுதி. தொழிலாளியும் முதலாளியும் பேசி ஒத்துக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்கிறார். எந்த ஒப்பந்தத்துக்கும் மூத்த இயற்கை நீதி ஒன்று இருக்கிறது; வேறு வழியில்லாமல், இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டால் அது அநீதிக்கு இரையாவதுதான் என்கிறார். "அவரே இந்தச் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டுத்தானே வர்றாரு" என்று எங்கள் குழுவில் நானே பேசியிருக்கிறேன். அதற்கு 1891லேயே பதில் சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 26

ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோவில் வேலை இறைவனுக்குச் செய்கிற சேவை. அதில் சம்பளம், விடுமுறை என்று பேசலாமா? பாடகர் குழுவும் பீடம் அலங்கரிக்கிறவர்களும் பணம் கேட்கிறார்களா?"

மனசு நோகாமல்தான் சொல்கிறேன், பாடகர் குழுவில் இருப்பவருக்கு வேறு வருமானம் இருக்கிறது. அவர் தன் ஓய்வு நேரத்தைக் கொடுக்கிறார், அது காணிக்கை. கோவிலைக் கூட்டுகிறவர் தன் பிழைப்பு நேரத்தைக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் வேறெங்கு போனாலும் அவருக்குக் கூலி கிடைக்கும். இரண்டையும் "சேவை" என்று ஒரே சொல்லில் கட்டிவிட்டால் லாபம் நமக்கு, நஷ்டம் அவருக்கு. "வேலையாளர் தம் கூலிக்கு உரிமை உடையவரே" என்று லூக்கா 10இல் ஆண்டவர் சொன்னது நற்செய்தி அறிவிக்கப் போனவர்களைப் பற்றித்தான். அவர்களுக்கே உரிமை உண்டு என்றால், வாளியும் துணியும் பிடிக்கிறவருக்கு இல்லாமல் போகுமா?

1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் உலகில் நீதி பற்றி ஓர் ஏடு கொடுத்தது. மக்களிடம் நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர்கள் முதலில் அந்த மக்கள் கண்ணுக்கு நீதியானவர்களாக இருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இடத்திலேயே, திருச்சபைக்குள் வேலை செய்கிறவர்களின் ஊதியம், சமூகப் பாதுகாப்பு பற்றியும் பேசுகிறது.

மார்ச் 1

"சட்டப்படி பங்குக்குக் கட்டாயம் ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் நல்லெண்ணம்தானா?" என்ற கேள்விக்கு:

உண்டு. 1983ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1286ஆம் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். திருச்சபைச் சொத்தை நிர்வகிக்கிற எவரும், ஆளை வேலைக்கு வைக்கும்போது நாட்டின் தொழிலாளர் சட்டங்களைத் திருச்சபையின் போதனைப்படி கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். வேலை செய்கிறவர் தன் தேவையையும் தன்னை நம்பி இருப்பவர்கள் தேவையையும் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நேர்மையான ஊதியம் தர வேண்டும். தன்னை நம்பி இருப்பவர்களும் கணக்கில் வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அக்காவின் வீட்டில் அவரை நம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆறு வருடத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசிய எந்தக் கூட்டத்திலும் அது வந்ததில்லை.

அதோடு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழுவும் பங்குப் பேரவையும் கட்டாயம் இருக்க வேண்டும். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் (1287).

மார்ச் 8

சமூகப் போதனையில் "பார், சீர்தூக்கு, செயல்படு" என்று ஒரு முறை உண்டு. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களோடு உழைத்த ஜோசப் கார்டைன் என்ற குருவானவர் வளர்த்தது. 1961இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் (மாத்தேர் எத் மஜிஸ்த்ரா, எண் 236) அதை எல்லாருக்கும் பரிந்துரைத்தார். பங்குகளில் நாம் பெரும்பாலும் நேராகச் "செயல்படு"வில் இறங்கிவிடுகிறோம். பை கட்டுகிறோம், மேடை போடுகிறோம். "பார்" என்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை.

நேற்று நான் பார்க்கப் போனேன். விடியற்காலையில் அக்கா கதவைத் திறக்கும்போதே போய்விட்டேன்.

பெருக்குவது பெரிய வேலை இல்லை. பாடு முழுக்க மெழுகில்தான். புனிதர் சுரூபங்களுக்கு முன்னால் வைக்கிற மெழுகுவத்தி உருகித் தரையில் வட்டம் வட்டமாக உறைந்திருக்கிறது. கத்தியால் சுரண்டினால் தரை கீறும். அதனால் ஒரு பழைய கரண்டியின் காம்பை மழுக்கி வைத்திருக்கிறார். மண்டியிட்டு, காம்பைப் படுக்கையாகப் பிடித்து, ஓரத்திலிருந்து நெம்புகிறார். மெழுகு சில்லாக எழும்பி வந்ததும் உள்ளங்கையில் சேர்த்துப் பழைய டப்பாவில் போடுகிறார். அப்புறம் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, மிச்சம் இருக்கிற பிசுக்கைத் துடைக்கிறார். நான் ஒரு வட்டத்தை எடுப்பதற்குள் அவர் ஐந்தை முடித்திருந்தார். வலிக்கிற முழங்காலின் கீழே பழைய ஞாயிறு அறிவிப்புத் தாள்களை மடித்து வைத்துக்கொள்கிறார். முழங்காலுக்கு வைக்க நல்ல தடுப்பு ஒன்று கடையில் கிடைக்கும். பத்தொன்பது வருடத்தில் யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. நானும்தான்.

இரண்டு வருடம் தள்ளிப்போட்ட பதிலை அங்கேயே சொன்னேன். "அக்கா, அன்னிக்குக் கொடுத்தது உங்க சம்பளம்தான். தர்மம் இல்ல. நாங்கதான் தப்பாக் கொடுத்துட்டோம்." அவர் மெழுகிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "அப்போ அந்த ஃபோட்டோவ எடுத்துருங்க தம்பி."

பங்கு மண்டபத்தில் "நமது பணிகள்" என்ற பலகையில் அந்தப் படம் இன்னும் இருந்தது. அவர் தினமும் அதைத் துடைத்திருக்கிறார். போகும்போது எடுத்துவிட்டேன்.

மார்ச் 9

மார்ச் 1 குறிப்பில் தவறு. நிதிக்குழுதான் ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் (537). பங்குப் பேரவை, ஆயர் நல்லது என்று கருதினால் அமைப்பது. அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் உண்டு (536). சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. என் வாதத்துக்கு இது இன்னும் வலு சேர்க்கிறது. பணத்தைப் பார்த்துக்கொள்கிற குழு கட்டாயம் என்றால், பணத்தால் நடக்கிற அநீதியையும் அந்தக் குழுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மார்ச் 15

ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் முப்பது வருடமாக இருக்கும் ஒரு பெரியவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். "உதவி செய்கிறவர்கள் எல்லாரும் ஃபோட்டோவுக்காகச் செய்கிறார்கள் என்பது போல இருக்கிறது உங்கள் எழுத்து. நாங்கள் யார் வீட்டுக்குப் போகிறோம் என்று எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது" என்கிறார். படித்து வருத்தப்பட்டேன். அவர் சொல்வது சரி. முதல் குறிப்பை எழுதும்போது என் குற்ற உணர்வுதான் முந்திக்கொண்டது. அப்படி எழுதியது நியாயம் இல்லை.

அந்தச் சபையின் கதையே வேறு. 1833இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாமும் சில மாணவர்களும் தொடங்கியது. அப்போது அவருக்கு இருபது வயது. ஏழைகளிடம் எப்படிப் போவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிறரன்புப் புதல்வியர் சபையின் அருட்சகோதரி ரோசலி ரெண்டு. ஏழையைக் கூப்பிட்டு நிற்க வைக்காமல், நாம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட வழி. அதே ஓசானாம் தொழிலாளர்களின் நியாயமான கூலிக்காகவும் பேசினார், எழுதினார். ரேரும் நொவாரும் வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் பை போதாது, கூலியும் சரியாக வேண்டும் என்று தெரிகிறது.

ஆகவே திருத்திச் சொல்கிறேன்: இரக்கமும் நீதியும் எதிரெதிர் கட்சிகள் இல்லை. பதினாறாம் பெனடிக்ட் 2009 சுற்றுமடலில் அன்பு நீதியைத் தாண்டிப் போகும், ஆனால் நீதி இல்லாமல் அன்பு இருக்காது என்கிறார். எங்கள் பங்கு நீதியைக் கொடுக்காமல் தாண்டிக் குதித்தது. அதுதான் என் குறை.

மார்ச் 17

மேலே சொன்னதோடு ஒட்டி ஒன்று. பதினோராம் பயஸ் 1931இல் எழுதிய குவாத்ராஜேசிமோ ஆன்னோவில் ஒரு கொள்கை வருகிறது. கீழே இருக்கிற சிறிய அமைப்பால் முடிகிற காரியத்தை மேலே இருக்கிற பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அரசாங்கத்துக்குச் சொன்னதாகத்தான் எல்லாரும் படிக்கிறோம். பங்குக்கும் அப்படியே பொருந்தும்.

யாருக்கு உதவி என்பதை முன்பெல்லாம் மையக் குழு பட்டியல் போட்டு முடிவு செய்யும். போன வருடம் அதை அன்பியங்களிடமே, அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்களிடமே, விட்டுவிட்டோம். ஒரு அன்பியத்தில் பட்டியலில் இருந்த குடும்பத்துக்குப் பை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டு மகள் வேலைக்குப் போகத் தயாராக இருக்கிறார், வேலையும் இருக்கிறது. ஆனால் படுக்கையில் கிடக்கிற அம்மாவைத் தனியாக விட முடியவில்லை. பக்கத்து வீடுகளில் மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு காலையில் போய் உட்காருகிறார்கள். மகள் வேலைக்குப் போகிறார். மையக் குழு பத்து வருடம் பை கொடுத்திருக்கும். இந்த யோசனை அங்கே வந்திருக்காது, ஏனென்றால் அந்த வீட்டுக்குள் போனவர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை.

மார்ச் 22

குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பேரவைக் கூட்டம் வார நாளில் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்றவர்களும் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் வந்தார்கள். தினக்கூலிக்குப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், கடையில் நிற்கிறவர் யாரும் வரவில்லை. "அவங்களுக்கு ஆர்வம் இல்ல" என்று பேசிக்கொண்டோம். அந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பிறகு என்று மாற்றினோம். புதிதாக ஆறேழு பேர் வந்தார்கள். அக்கா வரவில்லை. இரண்டு திருப்பலிக்கு நடுவே அவர் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நாற்காலி போட்டதும் அவர்தான்.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் முறையாகக் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். திருத்தூதர்கள் "முணுமுணுக்காதீர்கள், செபியுங்கள்" என்று சொல்லவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போய்விட்டது என்று நான் அதைப் படிக்கிறேன். எத்தனையோ முறை வாசகமாகக் கேட்டும் இந்தப் பெயர்களை நான் கவனித்ததில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

இப்போதுதான் கோவிலிலிருந்து வந்தேன்.

பாதம் கழுவும் சடங்குக்குப் பெண்களையும் அழைக்கலாம் என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினார். பங்குத்தந்தை இந்த முறை அக்காவையும் கூப்பிட்டார். அவர் மறுத்துவிட்டார். "எனக்கு இன்னிக்கு வேலை இருக்கு ஃபாதர். பன்னிரண்டு பேர் காலைக் கழுவினா கீழ எல்லாம் தண்ணி. யாராவது வழுக்கி விழுந்தா?"

உண்மைதான். கழுவி முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்போதே அவர் துணியோடு வந்துவிடுவார். எல்லா வருடமும் வந்திருக்கிறார். இந்த வருடம் இளைஞர்கள் இரண்டு பேரும் நானும் துடைத்தோம். அவரைக் கையைப் பிடித்து இழுத்து, இருக்கையில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. துணியைச் சரியாகப் பிழியாமல் நான் இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பரப்பிவிட்டேன். அவருக்கு உட்கார முடியவில்லை. அங்கிருந்தே கையை முறுக்கிக் காட்டிச் சிரித்தார்.

இன்றைய இரண்டாம் வாசகம் 1 கொரிந்தியர் 11, நற்கருணையை ஏற்படுத்தியது. வாசகம் 23ஆம் வசனத்தில் தொடங்கும். அதற்கு முந்திய வசனங்களையும் வீட்டில் படியுங்கள். ஒருவர் பசியாய் இருக்க இன்னொருவர் வெறிகொள்ளக் குடிக்கிறார், இல்லாதவர்களை நாணச் செய்கிறீர்கள், இது ஆண்டவரின் திருவிருந்தே இல்லை என்று பவுல் திட்டுகிறார். நற்கருணை ஏற்படுத்திய வரலாற்றை அவர் எழுதுவதே இந்தச் சண்டைக்கு நடுவில்தான். நற்கருணை நம்மை ஏழைகளுக்குக் கடமைப்பட்டவர்களாக்குகிறது என்று மறைக்கல்வி நூல் (1397) சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

ஏப்ரல் 12

"எங்கள் பங்கு ஏழைப் பங்கு. நியாயமான சம்பளம் கொடுக்க எங்களுக்கும் ஆசைதான், பணம் எங்கே?" – இது நேர்மையான கேள்வி.

எங்கள் கணக்கை வைத்துச் சொல்கிறேன். முதலில் தலைப்பை மாற்றினோம். "இதர செலவுகள்" என்ற இடத்திலிருந்து எடுத்து, "ஊழியர் ஊதியம்" என்று முதல் பக்கத்தில் முதல் வரியில் எழுதினோம். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் முதல் வரியில் இருக்கிறதை முதலில் கொடுத்துவிடுகிறோம், மிச்சத்தில்தான் மற்றவை. முன்பு அலங்காரம், ஒலிபெருக்கி, பந்தல் எல்லாம் போக மிச்சத்தில் சம்பளம் இருந்தது.

இந்த வரிசை நான் கண்டுபிடித்தது இல்லை. நான்காம் நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி மறையுரையில் சொன்னதுதான்: கிறிஸ்து பசியால் சாகும்போது அவருடைய பீடத்தில் பொற்கிண்ணங்கள் நிறைந்திருந்து என்ன பயன்? முதலில் அவர் பசியை ஆற்று, மீதி இருப்பதைக்கொண்டு பீடத்தை அலங்கரி. அலங்கரிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பீடத்தில் இப்போதும் பூ இருக்கிறது.

அப்படியும் பணம் போதாவிட்டால் உண்மையைத் திருப்பலியில் சொல்லுங்கள். "கோவிலில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் இவ்வளவுதான் கொடுக்கிறோம், சட்டப்படி இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று. நாங்கள் சொன்னோம். சொல்வதற்குள் எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மக்கள் கொடுத்தார்கள். கட்டடத்துக்குக் கேட்டபோது கொடுக்காத சிலரும் கொடுத்தார்கள். அவர்களே கூலி வேலை செய்கிறவர்கள். பக்கத்துப் பங்கோடு சேர்ந்து ஒருவருக்கு இரண்டு இடத்திலும் வேலை என்று முழுச் சம்பளம் கொடுக்கிற வழியும் உண்டு. வேலை நேரத்தைக் குறைக்கலாம். சம்பளம் குறைவு, நேரம் முழுசு என்பது மட்டும் கூடாது.

1987இல் இரண்டாம் யோவான் பவுல், தோழமை என்பது தூரத்தில் இருப்பவர் துன்பத்தைப் பார்த்து மேலோட்டமாக உருகுவது இல்லை, பொதுநலனுக்குத் தன்னைக் கொடுப்பதில் உறுதியான, விடாத தீர்மானம் என்று எழுதினார். நிதிக்குழுவில் "விடாத" என்ற சொல் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாதம் வரவு குறையும்போது முதலில் கண் போவது அந்த முதல் வரிக்குத்தான்.

ஏப்ரல் 19

இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக. "இது தொழிற்சங்க அரசியல்": தொழிலாளர் சங்கம் அமைக்கிற உரிமையை ரேரும் நொவாருமே ஆதரித்தது. "சுற்றுச்சூழலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை": 2015இன் லவுதாத்தோ சீ, பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கச் சொல்கிறது. கோவில் குப்பையைப் பிரித்துப் போடுங்கள்; நீங்கள் பிரிக்காவிட்டால் கையை விட்டுப் பிரிக்கப் போவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

மே 1

இன்று தொழிலாளரான புனித யோசேப்பு விழா. பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தியது. காலைத் திருப்பலிக்குப் பிறகு, பங்கில் சம்பளம் வாங்குகிற நான்கு பேரோடும் பங்குத்தந்தையும் நிதிக்குழுவும் உட்கார்ந்து பேசினோம். சமையல் செய்கிறவர், காவல்காரர், அலுவலகத்தில் இருப்பவர், அக்கா. நாற்காலியை நாங்கள் போட்டோம்.

எழுதி வைத்த வேலை நிபந்தனை என்று இதுவரை யாருக்கும் எதுவும் இல்லை. வேலை நேரம், ஊதியம், நோய் விடுப்பு, வார விடுமுறை, காப்பீடு, வேலையிலிருந்து விலகும்போது என்ன என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். வார விடுமுறையில் சிக்கல். ஞாயிறு ஓய்வு நாள் என்று மற்றவர்களுக்குப் போதிக்கிறோம், இந்த நான்கு பேருக்கும் வாரத்திலேயே ஞாயிறுதான் பாரம். காவல்காரர் சொன்னார்: "பதினோரு வருசமா என் பொண்டாட்டி பிள்ளைங்களோட ஒண்ணா உக்காந்து பூசை பார்த்ததில்ல." அந்த வார்த்தையைக் கேட்டு அறை அமைதியாகிவிட்டது. கோவில் வாசலிலேயே நிற்கிற மனிதர். மாதம் இரண்டு ஞாயிறு காவலை அன்பியங்கள் முறை வைத்து எடுத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவானது. வார நாளில் அவருக்குத் தனி விடுமுறையும் உண்டு.

மூன்று வாரச் சம்பளப் பிடித்தத்தைப் பாக்கி என்று எழுதி அக்காவிடம் கொடுத்தோம். "அதான் அன்னிக்கு உறையில கொடுத்துட்டீங்களே?" என்றார். அது ஏழைகள் நிதியின் பணம், நாங்கள் பிடித்தது பங்கின் பணம், ஏழைகள் நிதிக்குப் பங்கு திருப்பிக் கட்டிவிட்டது, உங்களுக்கு வர வேண்டியது இது, அன்றைக்கு உங்களை நிற்க வைத்ததற்கு எங்களால் எதையும் கட்ட முடியாது என்றேன். நான் சொன்னதில் கணக்கு சரியா என்று நிதிக்குழுவிலேயே இரண்டு பேருக்குச் சந்தேகம். எனக்கு இல்லை.

மே 15

ரேரும் நொவாரும் வந்து இன்றோடு 135 வருடம். போன வருடம் மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, பதினான்காம் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு முக்கியக் காரணம் அந்தச் சுற்றுமடலை எழுதிய லியோதான் என்று கர்தினால்களிடம் சொன்னார். கேள்வி கேட்டவர் தன் பங்கிலும் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அவர்களிடம் சம்பளம் "பராமரிப்பு" என்ற தலைப்பில் இருக்கிறதாம்.

எங்கள் தாளில் என்ன எழுதினோம் என்று பலர் கேட்டதால்: இரண்டு பக்கம், எளிய மொழி, இரண்டு பிரதி. ஒன்று ஊழியரிடம், ஒன்று பங்கு அலுவலகத்தில். மேலே மே 1 குறிப்பில் சொன்னவை எல்லாம் இருக்கின்றன. நோய் விடுப்பில் சம்பளம் பிடிப்பதில்லை. கருவிகளும் பாதுகாப்புப் பொருட்களும் பங்கின் செலவு. அந்த வரியில் "முழங்கால் தடுப்பு" என்று தனியாகவே எழுதியிருக்கிறது. சம்பளத்தை ஒவ்வொரு வருடமும் ஊழியர் முன்னிலையில் மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள், அது முக்கியம்.

நேற்றுக் கையெழுத்து. அக்காவுக்கு நான் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். முடித்ததும் பேனாவை வாங்காமல் கேட்டார்: "எனக்கு அப்புறம் வர்றவளுக்கும் இதே தாள்தானா? இல்ல, அவளுக்கு மறுபடியும் முதல்ல இருந்தா?"

அதை நாங்கள் எழுதியிருக்கவில்லை. அவருக்கு இன்னும் சில வருடம்தான் முழங்கால் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்திலேயே கடைசியில் ஒரு வரி சேர்த்தோம்: இந்த வேலைக்கு யார் வந்தாலும் இவற்றுக்குக் குறையாமல் கொடுக்கப்படும். பங்குத்தந்தை பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அக்கா அந்த வரியை என்னை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.